சபைக்கு எவ்வளவு கொடுப்பது? தசமபாகம் கட்டாயமா?

உங்கள் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கடன் தவணை போய்க்கொண்டிருக்கிறது. சபையில் மல்கியா 3-ஆம் அதிகாரத்தை வாசித்து, பத்தில் ஒன்றான தசமபாகத்தைத் தராதவன் தேவனை வஞ்சிக்கிறான், அவன் வருமானம் சாபத்தின்கீழ் இருக்கிறது என்கிறார்கள். கொடுத்தால் வீடு நடக்காது, கொடுக்காவிட்டால் மனம் குத்துகிறது. மொத்தச் சம்பளத்திலா பிடித்தம் போக வருவதிலா, சபைக்கேதானா வேறு ஊழியங்களுக்கும் அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: பத்து சதவீதம் என்பது கிறிஸ்தவனுக்குச் சட்டம் இல்லை. ஆனால் உங்களுக்கு வசனம் போதிக்கிற சபையைத் தாங்குவது உங்கள் பொறுப்பு, வாங்கின பணத்துக்குக் கணக்குக் காட்டுவது சபையின் பொறுப்பு. முதல் பாதியைப் பற்றி வருஷத்துக்குப் பல பிரசங்கம் கேட்டிருப்பீர்கள், இரண்டாவது பாதியைப் பற்றி ஒன்றாவது கேட்டிருந்தால் உங்கள் சபை நல்ல சபை.

முதலில் தசமபாகம். ஆபிரகாம், ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது போரில் மீட்டுவந்த பொருள்களில் ஒருமுறை, அவ்வளவுதான். அதை அவர் வழக்கமாகச் செய்தார் என்று எங்கும் எழுதியில்லை. யாக்கோபு பெத்தேலில் சொன்னது பொருத்தனை, அதுவும் தேவன் என்னோடிருந்து, உண்ணவும் உடுக்கவும் தந்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தால் என்று நிபந்தனை போட்டுச் சொன்னது. சட்டமாக அது வருவது லேவியராகமம் 27-லும் எண்ணாகமம் 18-லும்தான். அங்கே பத்தில் ஒன்று எடுக்கப்படுவது நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும். அது போவது லேவியருக்கு, ஏனென்றால் மற்றக் கோத்திரங்களுக்குக் கிடைத்த மாதிரி அவர்களுக்கு நிலத்தில் பங்கு இல்லை, ஆசரிப்புக் கூடாரத்து வேலைதான் அவர்கள் பிழைப்பு. வாங்கின லேவியரும் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியனுக்குக் கொடுத்தாக வேண்டும். (வாங்குகிறவருக்கும் தசமபாகம் உண்டு என்கிற இந்தப் பகுதி ஏனோ பிரசங்கமாக வருவதே இல்லை.)

அப்புறம் உபாகமம் 14-ஐ எடுத்து நிதானமாகப் படியுங்கள். அங்கே குடும்பம் தன் தசமபாகத்தைக் கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய், அவர் சந்நிதியில் தானே சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. தூரம் அதிகமென்றால் விற்றுப் பணமாக்கி எடுத்துக்கொண்டு போய், அங்கே மனம் விரும்புகிறதை, ஆடோ மாடோ திராட்சரசமோ, வாங்கிக்கொள்ளலாம். லேவியனைக் கைவிடக் கூடாது என்பது மட்டும் கூடவே வருகிறது. மூன்றாம் வருஷம் வந்தால் அந்தப் பங்கு ஊர்வாசல்களிலேயே வைக்கப்பட்டு லேவியன், பரதேசி, திக்கற்றவன், விதவை ஆகியோருக்குப் போகிறது. இவையெல்லாம் தனித்தனித் தசமபாகங்கள் என்று எண்ணினால் 20 சதவீதத்துக்கு மேல் போகும், ஒன்றே பல விதமாகப் பயன்பட்டது என்றும் வாதிடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும், கோத்திரங்களாகப் பிரிந்து நிலத்தில் வாழ்ந்த ஒரு தேசத்தின் ஏற்பாடு அது. அதில் ஆலயப் பணியாளர் பிழைப்பும், பண்டிகையும், ஏழை பராமரிப்பும் ஒன்றாகக் கலந்திருந்தது. மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை உறையில் போடு என்று அங்கிருந்து ஒரே தாவலில் வந்துவிட முடியாது.

மல்கியாவைப் பற்றி. அந்தப் புத்தகம் ஏறக்குறைய யூதேயாவில் அதிபதியாக இருந்த நெகேமியா காலத்துச் சூழ்நிலையைச் சேர்ந்தது, நெகேமியா 13-ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால் விஷயம் விளங்கும். லேவியருக்குச் சேர வேண்டியது வரவில்லை, அவர்கள் ஆலய வேலையை விட்டுவிட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போய்விட்டார்கள். நெகேமியா ஜனங்களை மட்டும் திட்டவில்லை, தலைவர்களோடு வழக்காடினார். தசமபாகம் பண்டசாலைக்குத் திரும்ப வர ஆரம்பித்ததும் உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்த ஆட்களை, ஆசாரியன் ஒருவர், வேதபாரகர் ஒருவர், லேவியர் ஒருவர் என்று, பண்டசாலைக்கு விசாரணைக்காரராக வைத்தார். மல்கியாவிலும் 3-ஆம் அதிகாரத்துக்கு வருமுன் முதல் இரண்டு அதிகாரங்களில் பெரும்பகுதி ஆசாரியர்களுக்கு விழுகிற அடிதான். கண் தெரியாததையும் கால் ஊனமானதையும் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களே, அதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பார், பிரியப்படுவானோ என்று கேட்கிற இடம் அங்கே இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி வந்து, தசமபாகத்தையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்கிற 3:10-ஐ மட்டும் விசுவாசிகள் தலையில் வைப்பது நியாயமான வாசிப்பு இல்லை. சாபம் என்கிற பயத்துக்கு கலாத்தியர் 3:13 போதும்: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார். தவணை கட்ட முடியாமல் தவிக்கிற ஒரு குடும்பத்தைச் சாபம் சொல்லிப் பணம் கொடுக்கவைப்பது, என்னைக் கேட்டால், பயமுறுத்தல்.

இயேசுவும் சொன்னாரே என்பார்கள். சொன்னார், மத்தேயு 23:23-ல். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்ட பரிசேயரிடம், இவைகளையும் செய்ய வேண்டும், அவைகளையும் விடக்கூடாது என்றார். ஆலயம் இன்னும் நின்றுகொண்டிருந்த நாட்களில், நியாயப்பிரமாணத்தின்கீழ் இருந்த யூதர்களிடம் சொன்னது. யூதரல்லாத புறஜாதி விசுவாசிகள்மேல் எந்தெந்தப் பாரத்தைச் சுமத்துவது என்று எருசலேமில் கூடிப் பேசி எழுதின கடிதம் அப்போஸ்தலர் 15-ல் இருக்கிறது, அதில் தசமபாகம் இல்லை. பவுல் பணத்தைப் பற்றி பக்கம் பக்கமாக எழுதினவர், ஒரு சபையிடமும் பத்தில் ஒன்று கேட்கவில்லை.

ஆதிச் சபையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதின ஜஸ்டின் என்கிற கிறிஸ்தவ ஆசிரியர், வசதியும் மனமும் உள்ளவர்கள் தாங்கள் நினைத்ததைக் கொடுப்பார்கள், அது கண்காணிப்பவரிடம் சேரும், அவர் அதைக்கொண்டு திக்கற்றவர், விதவை, நோயாளி, சிறையில் இருப்பவர், வெளியூரார் ஆகியோரைப் பராமரிப்பார் என்று விவரிக்கிறார். அந்த நூற்றாண்டின் கடைசியில் தெர்த்துல்லியன் என்கிற இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளர், மாதத்துக்கு ஒருமுறை, விரும்பினால், முடிந்தால் கொடுப்பது, யாருக்கும் கட்டாயம் இல்லை என்று சொல்கிறார். கட்டாயம் பிற்பாடு வந்தது: 585-ல் இன்றைய பிரான்சில் மாக்கோன் ஊரில் கூடிய ஆயர்கள் சங்கம் தசமபாகம் தராதவரைச் சபையைவிட்டு விலக்கலாம் என்றது, பிராங்க் ராஜா சார்லமேன் 779-ல் அதை அரசாங்கச் சட்டமாகவே ஆக்கினார். அதற்குப் பிறகு பல நூற்றாண்டுக்கு ஐரோப்பிய விவசாயிக்குத் தசமபாகம் என்றாலே வரி வசூல்தான். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கின 1789-லேயே அது பிரான்சில் ஒழிக்கப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, கட்டாயம் இல்லை என்றால் காணிக்கைப் பை வரும்போது கையில் அகப்பட்ட சில்லறையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? இங்கேதான் தசமபாகத்தை மறுக்கிற பலரோடு நான் ஒத்துப்போவதில்லை. சட்டம் இல்லை என்று நிரூபித்த கையோடு கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கலாத்தியருக்குக் கிருபையைப் பற்றி அவ்வளவு காரமாக எழுதின அதே கடிதத்தில்தான் பவுல், உபதேசிக்கப்படுகிறவன் உபதேசிக்கிறவனுக்குச் சகல நன்மைகளிலும் பகிர்ந்து கொடுக்கக்கடவன் என்கிறார் (6:6). 1 கொரிந்தியர் 9-ல் திராட்சத்தோட்டம் வைக்கிறவன், மந்தை மேய்க்கிறவன், போரடிக்கிற மாடு என்று அடுக்கிவிட்டு, சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினால் பிழைப்பு உண்டாக வேண்டும் என்று கர்த்தரே கட்டளையிட்டதாகச் சொல்கிறார். தான் அந்த உரிமையைக் கொரிந்துவில் பயன்படுத்தவில்லை, கூடாரம் தைத்துப் பிழைத்தார், ஆனால் மற்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. இயேசுவும் சீஷரும் ஊர் ஊராகப் போனபோது யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவரைத் தாங்கினார்கள் என்று லூக்கா 8 சொல்கிறது. யோவன்னாள் ஏரோதின் காரியக்காரன் மனைவி. ஊழியம் காற்றைக் குடித்து நடந்ததில்லை.

ஒரு சாதாரண உள்ளூர் சபையின் பணம் எங்கே போகிறது என்று சபைப் பொருளாளர் எவரையாவது கேளுங்கள். கட்டட வாடகை அல்லது பராமரிப்பு, மின்கட்டணம், போதகர் சம்பளம், சிறுவர் வகுப்பு, யாராவது மருத்துவமனையில் கிடந்தால் கொடுக்கிற உதவி. இதில் பெரும்பாலானது மாதம் தவறாமல் வருகிற செலவு. அதனால்தான் வருஷத்தில் ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டுப் பெரிய தொகை கொடுக்கிறவரைவிட, சின்னத் தொகையை மாதந்தோறும் தவறாமல் கொடுக்கிறவர் சபைக்கு அதிகம் உதவுகிறார். அவரை நம்பித்தான் போதகருக்கு இந்த மாதம் இவ்வளவு என்று சொல்ல முடியும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போதகர் ஏழையாக இருந்தால்தான் பரிசுத்தம் என்கிற ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நம் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், அவர் பிள்ளைக்கு விசுவாசம். அவருக்கும் வீடு இருக்கிறது, வயதான பெற்றோர் இருக்கிறார்கள், ஓய்வுபெறும் வயது வரும். சபையில் சம்பாதிக்கிற குடும்பங்கள் இருந்தும் போதகர் மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிறார் என்றால் அதற்கு அந்தச் சபைதான் வெட்கப்பட வேண்டும்.

இனி எவ்வளவு என்பது. 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் தருகிற முறை எளிது: வாரத்தின் முதல் நாள்தோறும், அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைப்பது. நான் வந்த பிறகு பணம் சேர்க்கிற வேலை இருக்கக் கூடாது என்கிறார். அதாவது அவர் முன்னால் நின்று உருக்கமாகப் பேசி வசூலிக்கிற சூழ்நிலையையே தவிர்க்கிறார். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, இன்று கர்த்தர் உன் உள்ளத்தில் எவ்வளவு சொல்கிறார் என்று அரைமணி நேரம் கேட்கிற கூட்டங்களை இந்த வசனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2 கொரிந்தியர் 9:7-ல், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே என்கிறார். நியமிப்பது என்றால் உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பது. அதனால் சம்பளம் வந்ததும் ஒரு விகிதத்தை முடிவு செய்து முதலில் எடுத்துவைத்துவிடுங்கள், மிச்சத்தில் கொடுக்கலாம் என்று வைத்தால் மிச்சம் என்று ஒன்று வராது. திருமணமானவர் என்றால் இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். துணைவர் விசுவாசி இல்லை என்றாலும் அவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள், மறைத்துக் கொடுத்த பணம் பின்னால் சுவிசேஷத்தின்மேலேயே கசப்பாகத் திரும்பும்.

பத்து சதவீதம் ஒரு நல்ல இலக்கு, பழகுவதற்கு வசதியான அளவு. நன்றாகச் சம்பாதிக்கிறவருக்கு அது ஆரம்பம் மட்டுமே, பத்து கொடுத்தாயிற்று மிச்சம் தொண்ணூறும் என்னுடையது என்று அவர் கணக்கை மூடிவிட்டால் தசமபாகம் அவருக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. குறைந்த வருமானக்காரருக்கு அதே பத்து, சாப்பாட்டிலிருந்து எடுப்பது. மொத்தச் சம்பளமா, பிடித்தம் போகவா என்பதற்கு வேதத்தில் பதில் கிடையாது, அந்தக் காலத்தில் சம்பளச் சீட்டும் கிடையாது. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நடங்கள், அதற்காக ராத்தூக்கம் கெட வேண்டாம்.

உங்கள் கடன் விஷயம். கடனைத் திருப்பிக் கொடுப்பதும் தேவனுக்குக் கீழ்ப்படிவதுதான். கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய பணத்தை எடுத்துக் காணிக்கை போட்டால் அது உங்கள் பணத்தில் கொடுத்த காணிக்கையே இல்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7-ல் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதும் தெரியும். அதனால் தவணையைக் கட்டுங்கள், வீட்டை நடத்துங்கள், அப்படியும் ஒரு சதவீதமோ இரண்டோ எடுத்துவைக்க முடிந்தால் எடுத்துவையுங்கள், கடன் குறையக் குறைய விகிதத்தைக் கூட்டுங்கள். அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்தால் அந்த நாள் சீக்கிரம் வரும். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகவே சொல்கிறது. அடுத்த வசனம் இன்னும் தெளிவு: மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பதல்ல.

இரண்டு காசு போட்ட விதவையை உடனே காட்டுவார்கள். மாற்கு 12-ல் அந்தச் சம்பவத்துக்கு முந்தின வசனத்தை வாசியுங்கள்: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று சொல்லி முடித்த கையோடுதான் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அவள் மனதை அவர் மெச்சினார், சரி. ஆனால் அவளிடம் கடைசிக் காசும் போய்விடுகிற ஒரு ஏற்பாட்டை மெச்சினார் என்று அந்த வசனங்களிலிருந்து எடுக்க முடியாது.

விதைக்காணிக்கை, நூறத்தனையாய்த் திரும்ப வரும் என்கிற பேச்சுக்கு ரொம்ப நேரம் செலவழிக்க விரும்பவில்லை. கொடுங்கள், உங்களுக்கும் கொடுக்கப்படும் என்கிற லூக்கா 6:38 நியாயந்தீர்க்காதிருப்பதையும் மன்னிப்பதையும் பற்றின பேச்சின் நடுவே வருகிறது. என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்று பிலிப்பியருக்கு எழுதினவர், அதற்குச் சற்று முன்பே, நான் உபகாரத்தை நாடவில்லை என்று எழுதியிருக்கிறார். லாபம் எதிர்பார்த்துப் போடுவது முதலீடு, அதைக் காணிக்கை என்று சொல்ல வேண்டாம். திதாக்கே என்கிற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் ஒன்று இருக்கிறது, அதில் ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி எனக்குப் பணம் தா என்று கேட்கிறவனுக்குச் செவிகொடுக்காதீர்கள், ஆனால் இல்லாத மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்தாதீர்கள் என்று இருக்கிறது. அத்தனை ஆரம்பத்திலேயே இந்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த பணத்தைப் பவுல் எப்படிக் கையாண்டார் என்று 2 கொரிந்தியர் 8-ல் பாருங்கள். தன் உடன் ஊழியன் தீத்துவோடு இன்னொரு சகோதரனையும் அனுப்புகிறார், அந்தச் சகோதரன் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர், பவுலின் சொந்த ஆள் இல்லை. மூன்றாவதாக இன்னொருவரும் போகிறார். ஏன் இவ்வளவு ஆள்? இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று அவரே காரணம் சொல்கிறார். அப்போஸ்தலனே தனியாகப் பணத்தைத் தொட மறுத்திருக்கிறார். பழைய ஏற்பாட்டிலும் யோவாஸ் ராஜா காலத்தில், ஆலயப் பழுது பார்க்கக் கொடுத்த பணம் வருஷக்கணக்காக ஆசாரியரிடமே போய் வேலை நடக்காமல் கிடந்தபோது, மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டியை வைத்தார்கள். அது நிறைந்தால் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிக் கட்டினார்கள் (2 இராஜாக்கள் 12). ஆலயத்திலிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர். இயேசுவின் கூட்டத்திலேயே பணப்பை வைத்திருந்த யூதாஸ் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான் என்று யோவான் எழுதியிருக்க, எங்கள் சபையில் அதெல்லாம் நடக்காது என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோமோ தெரியவில்லை.

ஆகவே கேளுங்கள். காணிக்கையை எண்ணும்போது உறவினர் அல்லாத இரண்டு பேராவது இருக்கிறார்களா, வங்கிக் கணக்கு சபையின் பெயரில் இருக்கிறதா போதகரின் சொந்தப் பெயரிலா, அவர் சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறையாவது வரவு செலவு சபைக்கு முன் வைக்கப்படுகிறதா, சபைக்கு வெளியே உள்ள ஒருவர் அதைத் தணிக்கை செய்கிறாரா. நல்ல போதகர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், பலர் நிம்மதிதான் அடைவார்கள், ஏனென்றால் சந்தேகம் முதலில் விழுவது அவர்கள்மேல்தான். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று பதில் வந்தால் ஜாக்கிரதை. கர்த்தர் அபிஷேகம் பண்ணின ராஜா என்று சவுலைக் கொல்ல மாட்டேன் என்ற அதே தாவீது, சவுலின் சால்வையில் அறுத்தெடுத்த தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரும் கேட்க அவனை நேருக்கு நேர் நியாயம் கேட்டவன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதிகம் கொடுக்கிறவர் சபையை வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை பிடிக்கவில்லை என்றால் அந்த மாதக் காணிக்கையை நிறுத்திவைப்பது, தன் பெயர் பொறித்த பலகைக்காகவே நாற்காலி வாங்கித் தருவது எல்லாம் கொடுப்பதில் சேராது. கணக்குக் கேட்க ஒரு காசு போட்டவருக்கும் உரிமை உண்டு, மற்ற முடிவுகளில் பெரிய தொகை போட்டவருக்குக் கூடுதல் ஓட்டு கிடையாது.

கடைசியாக, வேறு ஊழியங்களுக்கு அனுப்பலாமா என்றது. தாராளமாக அனுப்பலாம், பண்டசாலை என்றால் உள்ளூர் சபை மட்டும்தான் என்று மல்கியாவிலிருந்து யாரும் நிரூபித்துவிட முடியாது. பிலிப்பி சபை தூரத்தில் இருந்த பவுலுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கட்டும். வாராவாரம் எந்தச் சபையின் மேசையில் உட்காருகிறீர்களோ முதல் பங்கு அங்கே. உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் வந்து நிற்கப்போவது அந்தப் போதகரும் அந்தச் சபையாரும்தான், திரையில் பேசுகிற ஊழியக்காரர் இல்லை. அதற்கு மேல் மிஷனரிக்கோ, படிக்க வசதியில்லாத பிள்ளைக்கோ, கஷ்டத்தில் இருக்கிற உறவினருக்கோ கொடுங்கள், அதுவும் கர்த்தருக்குக் கொடுத்ததுதான். உங்கள் சபை பலமுறை கேட்டும் கணக்குக் காட்ட மறுத்தால் மட்டும் பணத்தை வேறு பக்கம் திருப்புங்கள். அந்த நிலைமையில் பணத்தை மட்டும் நிறுத்திவிட்டு நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பதிலும் அர்த்தமில்லை, மூப்பர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு, கணக்குக் காட்டுகிற வேறொரு சபையைத் தேடிக்கொள்ளுங்கள்.